துவக்கு எவ்வளவு எடுக்குமோ, அவ்வளவுதான்



கொஞ்சம் நீண்ட பதிவு. வளைகுடாவில் பிள்ளைகளோ தம்பிமாரோ வேலை செய்யும் வீடுகளும், இந்த வருடம் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் வீடுகளும் பொறுமையாக வாசியுங்கள். இரண்டுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்தால் பெரும்பாலும் சுகம் விசாரிப்பார்கள், அல்லது கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழன் இரவு, இஷாவுக்குப் பிறகு வந்த வட்ஸ்அப் கோல் வேறு மாதிரி இருந்தது.

"சேர், டீச்சரும் பக்கத்துல இருக்கிறாங்களா? ரெண்டு பேரும் வேணும்."

குரல் சரியில்லை. என்ன மகன் என்று கேட்டோம்.

"சம்பளத்துல வெட்டப் போறாங்களாம் சேர். நான் செய்யாத பிழைக்கு."

அவன் வளைகுடாவில் ஒரு பெயின்ட்போல் திடலில் வேலை செய்கிறான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். இரண்டு அணிகள் முகமூடி போட்டுக்கொண்டு, காற்றழுத்தத்தால் இயங்கும் துவக்கினால் ஒருவரை ஒருவர் சாய உருண்டையால் சுடும் விளையாட்டு அது. உருண்டை பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் ஆள் அவுட். அவனுடைய பதவி உதவியாள். ஆனால் அங்குள்ள துவக்குகளைக் கழுவுவது, எண்ணெய் போடுவது, உருண்டை நிரப்புவது எல்லாம் அவன்தான்.

பிரச்சினை இதுதான். நிர்வாகம் எங்கோ மலிவு விற்பனையில் பட்டரியில் ஓடும் லோடர்கள் ஒரு டசின் வாங்கி, வாடகைக்குக் கொடுக்கும் துவக்குகளில் பொருத்தச் சொல்லியிருக்கிறது. லோடர் என்பது துவக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பெட்டி. மாட்டிய நாளிலிருந்து உருண்டைகள் துவக்குக்குள்ளேயே உடைய ஆரம்பித்துவிட்டன. உள்ளே ஒன்று உடைந்தால் குழல் முழுக்கச் சாயம். அதற்குப் பிறகு சுடுவதெல்லாம் கோணலாகப் போகும். வாடிக்கையாளர் சண்டை பிடிப்பார், காசைத் திருப்பிக் கேட்பார். "நீ உருண்டைகளை ஒழுங்காக வைக்கவில்லை, அதுதான் உடைகிறது, நட்டத்தை உன் சம்பளத்தில் கழிப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கோ ராத்தாவின் வீட்டு வேலை பாதியில் நிற்கிறது.

எங்களுக்குப் பெயின்ட்போலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதையும் சொன்னோம். "தெரியாட்டியும் பரவாயில்ல சேர். நீங்க ரெண்டு பேரும் கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றன். அப்ப எனக்கே விளங்கும்" என்றான்.

அன்றிரவு பன்னிரண்டரை வரை கேள்வி கேட்டோம். படங்கள் அனுப்பினான், ஒரு துவக்கைக் கழற்றி வீடியோ அனுப்பினான். நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறோம்.

உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். 0.50 அங்குலத்திலும் ஒரு வகை உண்டு. ஓட்டை செய்திருப்பது ஜெலற்றினால், மீன் எண்ணெய்க் குளிசை மாதிரியேதான். உள்ளே இருப்பது தண்ணீரில் கரையும் சாயம். (ஜெலற்றின் எதிலிருந்து எடுத்தது என்று கீழே கேட்பீர்கள். மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள், பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். அவன் வேலை உடுப்பை மாற்றிவிட்டுத்தான் தொழுவான். மற்றதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

உருண்டை துவக்குக்குள் போவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வெறும் புவியீர்ப்பு. ஏறத்தாழ 200 உருண்டை கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி, அடியில் ஒரு கழுத்து. ஒன்று சுட்டால் அடுத்தது தானாக விழும். இரண்டாவது, பெட்டிக்குள் சிறு மோட்டரால் சுழலும் துடுப்பு ஒன்று உருண்டைகளைக் கிளறிவிடும். விழுவது அப்போதும் புவியீர்ப்பால்தான். மூன்றாவது, மோட்டரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து உருண்டையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இதில் செக்கனுக்கு 20க்கு மேலும் போகும். நிர்வாகம் வாங்கியது இந்த மூன்றாவது வகை.

புவியீர்ப்பால் மட்டும் எவ்வளவு வேகமாக விழும்? கணிதம் படிப்பிப்பவர் உடனே தாளை எடுத்தார். ஓய்விலிருந்து 17 மில்லிமீற்றர் விழ எடுக்கும் நேரம் ஏறத்தாழ 0.06 செக்கன். அப்படியென்றால் தடையே இல்லாவிட்டாலும் செக்கனுக்கு 17 உருண்டைக்கு மேல் விழ முடியாது. நடைமுறையில் அதில் பாதிதான், எட்டு அளவில். ஏன் பாதி என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவனே சொன்னான்.

"சேர், வாப்பாட மில்லுல நெல்லுக் கொட்டுற பெட்டி இருக்கும்தானே? சில நேரம் மேல நெல் நிறைய இருக்கும், கீழ ஒண்டும் விழாது. வாப்பா தடியால ஒரு தட்டுத் தட்டுவாரு, படக்கெண்டு விழும். அதேதான் இது. உருண்டைகள் வாய்க்குக் கிட்ட ஒண்டுக்கொண்டு முட்டுக்குடுத்து நிண்டுரும். விளையாடுற ஆக்கள் துவக்க ஒரு உலுப்பு உலுப்புவாங்க."

அவனுடைய வாப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் அங்கே நின்று பெட்டியைக் கவனித்திருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது.

சரி, துவக்குக்கு வருவோம். அங்கே வாடகைக்குக் கொடுப்பது சாதாரண இயந்திரத் துவக்கு. பட்டரி இல்லை, மின்சுற்று இல்லை. விசையை இழுத்தால் உள்ளே ஓர் ஆடுதண்டு முன்னால் வந்து உருண்டையைக் குழலுக்குள் தள்ளும், வாயு வெளியேறும், தண்டு பின்னால் போகும், அடுத்த உருண்டை விழும். முதல் தடவை வரும் ஒருவர் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் செக்கனுக்கு நான்கு ஐந்துதான். அதற்கு புவியீர்ப்பின் எட்டே தாராளம்.

இருபது தள்ளும் லோடரை வைத்தால் என்ன நடக்கும்? கூடுதல் வேகத்தால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் தள்ளும் விசை நிற்காது. அறைக்குள் இருக்கும் உருண்டை முன்னால் உருண்டு போகாமல் பிடிப்பது சுண்டுவிரல் நகமளவு சிறிய தடுப்பு ஒன்று. மேலே இருந்து எந்நேரமும் அழுத்தினால், முதல் உருண்டை தடுப்பைத் தாண்டி நழுவும். இரண்டாவது உருண்டை பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். அந்த நேரம் ஆடுதண்டு வந்தால் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிவிடும்.

இந்த வேகமான லோடர்கள் மின்சாரத் துவக்குகளுக்குச் செய்தவை. அவற்றின் அறையில் இரண்டு பக்கமும் 'கண்' இருக்கும், அகச்சிவப்புக் கதிர். உருண்டை முழுதாக உள்ளே வந்து கதிரை மறைத்தால்தான் துவக்கு சுடும். அது இல்லாத துவக்கு உருண்டை வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. இழுத்தால் தண்டு ஓடும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்ததும் எங்களுக்குச் சந்தோஷம். "நாளைக்கே போய்ச் சொல்லு மகன், லோடர்தான் பிழை என்று" என்று சொல்ல வாயெடுத்தோம். நல்ல வேளை, அவன் அனுப்பிய ஒரு படத்தை மறுபடி பார்த்தோம். லோடரின் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இதென்ன என்று கேட்டோம். வாடகைத் துவக்கில் இருப்பது முழங்கை மாதிரி வளைந்த குழாய், புது லோடரின் கழுத்து அதற்கு ஒரு நூல் மெலிசு, ஆடாமல் இருக்க டேப் சுற்றினார்களாம். கழுத்து சரிந்திருந்தால் உருண்டை விளிம்பில் முட்டும். அது இரண்டாவது சந்தேகம்.

மூன்றாவதை அவனிடம் கேட்கவே தயக்கமாக இருந்தது. கேட்டோம். "உருண்டைப் பெட்டிகளை எங்க வைக்கிற?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "புதுசெல்லாம் ஏசி அறையில சேர். உடைச்ச பெட்டிய மட்டும் தகரக் கொட்டிலுக்குள்ள வைப்பன். ஒவ்வொரு தரமும் அங்க போய் எடுக்க ஏலா."

வளைகுடாக் கடற்கரையின் கோடைப் புழுக்கம் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சினால் ஊதும், மெதுக்கும், உருண்டை உருண்டையாக இருக்காது. மூடி திறந்து வைத்த குளிசைப் போத்தலில் குளிசைகள் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

ஆகச் சந்தேகம் மூன்று. லோடரா, கழுத்தா, உருண்டையா? மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பிழை என்று ஒருநாளும் தெரியாது. தரம் 6 இலிருந்து நாங்கள் கரும்பலகையில் எழுதும் பாடம் இது: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. வெள்ளி காலை திடல் திறக்குமுன் அவன் அதைச் செய்தான். ஒரே துவக்கு, ஒவ்வொரு தடவைக்கும் நூறு உருண்டை.

டேப் சுற்றிய புது லோடர், கொட்டிலில் இருந்த உருண்டை: ஒன்பது உடைந்தது. டேப்பைக் கழற்றி, அளவான வளையம் போட்டு நேராக இறுக்கிய பிறகு: ஆறு. பழைய சாதாரணப் பெட்டி, அதே கொட்டில் உருண்டை: இரண்டு. பழைய பெட்டி, ஏசி அறை உருண்டை: ஒன்றும் உடையவில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு கோல் எடுத்தான். "சேர், ரெண்டு என்ட பிழை" என்றான்.

ஆமாம், நிர்வாகம் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. இந்த இடத்தில்தான் அவனுக்கும் எங்களுக்கும் வாக்குவாதம். "அதச் சொன்னா முழுக்க என்ட தலையில போட்டுருவாங்க. லோடர மட்டும் சொல்றன்" என்றான். அவன் பயம் நியாயமானது. கபீல், விசா, டிக்கெட் எல்லாம் அவர்கள் கையில். ஆறாயிரம் ரூபா மின்சாரப் பட்டியலுக்குப் பயப்படும் நாங்கள் இங்கிருந்து அவனுக்குத் தைரியம் சொல்வது இலேசு. அதனால் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்று மட்டும் சொன்னோம்: "மகன், உன் இரண்டை நீ முதலில் சொன்னால், அவர்கள் ஏழை அவர்கள் மறுக்க ஏலாது. நீ மறைத்து, அவர்கள் கொட்டிலுக்குள் வந்து பார்த்தால், ஒன்பதும் உன்னுடையதாகிவிடும்."

நான்கு தடவைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, தன் பிழையை முதல் வரியில் எழுதிக் கொண்டுபோனான். முகாமையாளர் தாளை இரண்டு தடவை வாசித்தாராம். பிறகு தானே கொட்டிலுக்கு வந்து ஒரு துவக்கை எடுத்து நூறு சுட்டுப் பார்த்தாராம். அந்த லோடர்கள் இப்போது அங்கே கழகக்காரர்கள் பாவிக்கும் மின்சாரத் துவக்குகளில் இருக்கின்றன, நன்றாக ஓடுகின்றன. வாடகைத் துவக்குகளில் பழைய பெட்டிகள். திறந்த பெட்டி உருண்டைகளுக்குக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே மூடியுள்ள குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. அந்த மாதம் கழித்த காசு திரும்பி வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கழிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒரு சொல்.

"இப்ப விளங்குது சேர். லோடர் எவ்வளவு குடுக்கும் எண்டு பார்க்கப்படா. துவக்கு எவ்வளவு எடுக்குமோ, அவ்வளவுதான் குடுக்கணும்."

அவன் எங்களிடம் படித்த காலம் நினைவுக்கு வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆறு மாதம், சுபஹுக்குப் பிறகு ஒரு வகுப்பு, பாடசாலை விட்டு ஒரு வகுப்பு, மஃரிபுக்குப் பிறகு கடந்தகால வினாத்தாள். வலயத்தில் எங்கள் பாடசாலையின் பெறுபேறு குறைந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஓட்டம். பாடத்திட்டத்தை முடித்தோம், அதில் பெருமைப்பட்டோம். அவன் கணிதத்தில் முதல் தடவை சித்தியடையவில்லை. "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது தொழிலுக்கு அனுப்புங்கோ" என்று அவனுடைய வாப்பாவிடம் சொன்னவர்கள் நாங்கள்தான். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நெல்லுப் பெட்டியில் நெல் முட்டுக்கொடுத்து நிற்பதை அந்த வயதிலேயே கவனித்த பிள்ளை அவன். நாங்கள் விசை, உராய்வு என்று படிப்பித்தபோது, "உன் வாப்பாவின் மில்லில் என்ன பார்த்தாய்" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உள்ளே போனதா என்று பார்க்காமல் மேலே இருந்து தள்ளிக்கொண்டே இருந்தோம். உடைந்தபோது உருண்டையைக் குறை சொன்னோம்.

இப்போது தரம் 5 பிள்ளைகளையும் விடிய ஐந்தரைக்கு வகுப்புக்குக் கூட்டிப்போகிறோம். நாங்களும் அந்த வகுப்பு எடுத்தவர்கள்தான், மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. இந்தத் தவணை எங்கள் இருவரின் வகுப்பிலும் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். ஒரு விஷயம் சொல்லி முடிந்ததும், அடுத்ததுக்குப் போகுமுன் மூன்று பிள்ளைகளிடம் அதைத் தங்கள் சொல்லில் சொல்லச் சொல்கிறோம். கைதூக்கும் பிள்ளைகளிடம் அல்ல, கடைசி வாங்கில். பாடத்திட்டம் இரண்டு கிழமை பின்னால் நிற்கிறது. அதிபரிடம் அதற்குப் பேச்சு வாங்கினோம். பரவாயில்லை.

இனி, வெளிநாட்டில் இந்த விளையாட்டுக்குப் போகும் தம்பிமாருக்கு, சொந்தமாக லோடர் வாங்க நினைத்தால் அவன் சொல்லச் சொன்ன ஒழுங்கு இது:

1. முதலில் துவக்கைப் பாருங்கள், பிறகு லோடரை. உருண்டை 0.68 ஆ, 0.50 ஆ? இது பிழைத்தால் மற்றதெல்லாம் வீண்.

2. துவக்கின் வாய் எப்படிப்பட்டது? இறுக்கி விடக்கூடிய நேர்க் கழுத்து என்றால் அநேகமான லோடர்கள் பொருந்தும். டிப்மன் 98 போன்றவற்றில் வரும் முழங்கைக் குழாய் என்றால் கழுத்தின் தடிப்பை அளந்து வாங்குங்கள். டிப்மன் ஏ-5 போன்றவற்றில் 'சைக்குளோன்' என்ற ஏற்பாடு துவக்கோடு சேர்ந்தே வரும். சுடும் வாயுவில் கொஞ்சத்தை எடுத்து ஒரு பற்சில்லைச் சுழற்றி அதுவே உருண்டையை இழுக்கும். அதற்கு அதற்கான பெட்டிதான் வேண்டும், மோட்டர் லோடர் தேவையே இல்லை.

3. இயந்திரத் துவக்கு என்றால் சாதாரணப் பெட்டி, அல்லது கிளறிவிடும் வகை போதும். கண் உள்ள மின்சாரத் துவக்கு என்றால்தான் தள்ளும் வகைக்குக் காசு செலவழியுங்கள். அதிலும் தள்ளும் விசையைக் குறைக்கக்கூடியது நல்லது. மின்சாரத் துவக்கில் சாதாரணப் பெட்டியைப் போட்டால், கண் உருண்டைக்காகக் காத்திருந்து துவக்கு திக்கித் திக்கிச் சுடும். கண்ணை அணைத்துவிட்டால் உருண்டை வெட்டுப்படும்.

4. உருண்டை ஒன்று ஏறத்தாழ 3 கிராம். 200 நிரப்பினால் 600 கிராம் துவக்கின் தலையில். பெரிய பெட்டி பெருமையல்ல, கைவலி.

5. விளையாடி முடிந்ததும் பட்டரியைக் கழற்றுங்கள். அந்தச் சூட்டில் கசிந்தால் லோடர் போய்விடும்.

6. முகமூடியைத் திடலுக்குள் ஒரு நிமிடமும் கழற்றாதீர்கள். வழமையான உச்ச வேகம் செக்கனுக்கு 300 அடி. அந்த வேகத்தில் ஓர் உருண்டையின் சக்தி ஏறத்தாழ 12 யூல். கண் போனால் திரும்பி வராது.

வேகம் வேண்டாமா என்று கேட்கும் தம்பிமாருக்கு ஒன்று. இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் 1981 இல் அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் காட்டில் நடந்தது. பன்னிரண்டு பேர், மரங்களுக்கு அடையாளமிடப் பாவித்த சாயத் துவக்குகள். லோடர் இல்லை, துவக்கைச் சரித்து உருண்டையை ஒவ்வொன்றாக விழுத்த வேண்டும். வென்றவர் காடறிந்த ஒரு வனத்துறைக்காரர். அவர் ஒரு உருண்டைகூடச் சுடவில்லை.

கடைசியாக ஒன்று. நோன்புக்கு ஊருக்கு வரும்போது தம்பிக்கு ஒரு பழைய துவக்கைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் மகன் என்றோம். சாயம் சுடும் துவக்கானாலும் பார்வைக்குத் துவக்குத்தான். பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் எழுத்தில் கேட்காமல் அப்படி ஒன்றையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, குசினிக் கத்தியை எங்கே வைப்பது என்று யோசித்த நாட்களை நம் ஊர்கள் மறந்திருக்காது. பிள்ளையின் விளையாட்டுக்காக உம்மாமார் வாசலில் நிற்கக் கூடாது.

அவன் வந்தான். துவக்குக்குப் பதிலாக எங்கள் விஞ்ஞான அறைக்கு ஓர் உடைந்த லோடரைக் கழற்றி, மோட்டரையும் துடுப்பையும் மட்டும் கொண்டுவந்தான். தரம் 9 பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் அவனே விளங்கப்படுத்தினான். அவனுடைய வாப்பாவையும் வரச் சொல்லியிருந்தோம். பின்னால் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு அவரிடம் போய், அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம்.

"அதெல்லாம் எப்பயோ மறந்துட்டன் சேர்" என்றார். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

வஸ்ஸலாம்.